டப்பா மூடியைத் திறந்து பார்த்த பையன்

பத்தாம் வகுப்பு முடித்த மகனோடு போன வாரம் வந்திருந்தீர்கள், அம்மா. பிளஸ் டூவுக்கு விடுதிப் பள்ளி, பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கு வீட்டை அடகு வைக்கலாம் என்று உங்கள் கொழுந்தனார் சொல்கிறார் என்றீர்கள். பதறாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் என்று இன்னொரு வழி இருக்கிறது.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் மகன் என் மேஜையிலிருந்த மாத்திரை டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். "இவ்வளவு மடக்கியும் ஏன் சார் உடையல?" என்றான். அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். மூடி சேருமிடத்தை ஏடுபோல் மெல்லியதாக வார்த்தால், மடக்க மடக்க அங்குள்ள மூலக்கூறு இழைகள் நீண்டு வரிசையாகிவிடும். ஆயிரக்கணக்கான தடவை மடக்கினாலும் தாங்கும்.

இந்த ஒரே பிளாஸ்டிக்கில் எத்தனை வகை! எத்திலீன் என்ற இன்னொரு வேதிப்பொருள் கலக்காதது விறைப்பானது. சாக்கும் கயிறும் அதில்தான். ஆனால் கடுங்குளிரில் நொறுங்கும். கொஞ்சம் எத்திலீனை மூலக்கூறு இழையில் ஆங்காங்கே சேர்த்தால் ஒளி ஊடுருவும், வெந்நீர்க் குழாய்க்கும் ஆகும். எத்திலீன் மிகுந்த ரப்பர்த் துணுக்குகளை உள்ளே விளையவைத்தால் அடி தாங்கும். பேட்டரிப் பெட்டியும் கார் பம்பரும் அந்த வழி. எத்திலீன் கலக்காத வகை சுமார் 160 டிகிரியில்தான் உருகும் என்பதால் அதை 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கலாம். எடையோ தண்ணீரைவிடக் குறைவு.

எந்த வார்ப்பு அச்சுக்கு இந்தப் பிளாஸ்டிக்கின் எந்த கிரேடு? 230 டிகிரியில், 2.16 கிலோ பாரத்தில், உருகிய பிளாஸ்டிக் 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று அளந்து முடிவு செய்ய ஆள் வேண்டும். அதுதான் நான் சொல்லும் வேலை.

கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில், பத்தாம் வகுப்புக்குப் பிறகு 3 ஆண்டு டிப்ளமோ உண்டு: பிளாஸ்டிக் தொழில்நுட்பம் ஒன்று, பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளுக்கான தொழில்நுட்பம் ஒன்று. விரும்பினால் பிறகு பொறியியலில் நேரடி இரண்டாமாண்டுக்கு முயலலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் வார்க்கும் ஆலைகள் இருக்கின்றன. ஷிஃப்ட் வேலை, எந்திரச் சூடு, தொடக்கத்தில் சுமாரான சம்பளம். இதையும் பையனிடம் மறைக்காதீர்கள்.

கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கொழுந்தனார் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் அதை வையுங்கள். கையெழுத்தும் வட்டியும் உங்களுடையவை, அவருடையவை அல்ல.

போகும்போது பையனைக் கூட்டிப்போங்கள். வார்ப்பு எந்திரத்துக்கு முன்னால் நிற்கட்டும். கேள்விகளை அவனே கேட்கட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள்.