தண்ணீர் குடிக்க மறுக்கும் அம்மா

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டின் பந்தை மாற்றும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரவில், இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுகிறார். மூத்திரக் குழாயை எடுத்த பிறகு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. “என்னை இப்படியே விட்டுடுங்கப்பா” என்கிறார். இனிமேல் கிடைதான் என்கிறார்கள் உறவினர்கள். அம்மாவுக்கு எப்படித் தைரியம் சொல்வது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தைரியம் சொல்வதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்ணீர். குழாயை எடுத்த பிறகுதானே நிறுத்தினார்? குடித்தால் பெட்பேன் கேட்க வேண்டும், அதுவும் மகனிடம். அதற்குத் தாகத்தோடு கிடப்பதே மேல் என்று எத்தனையோ அம்மாக்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வீட்டுப் பெண் யாரையாவது, இல்லாவிட்டால் ஒரு ஆயாவை, உடன் வையுங்கள். அம்மா கேட்கட்டும் என்று காத்திராமல் அவர்களே இரண்டு மணிக்கொரு தரம் கேட்கட்டும். திரையை இழுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி, இறந்தவரைக் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்குக் குழப்பம் வருவது சகஜம். வலி, மருந்து, தூக்கமின்மை, நீர் வற்றுவது, சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது என எதுவும் காரணமாகலாம். மறதி நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவின் மூக்குக்கண்ணாடி, பல்செட், காது மெஷின் எதையாவது தொலைந்துவிடும் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். பாதி கண்ணும் பாதி காதுமாகப் புது இடத்தில் படுத்திருந்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும்.

கிடை என்பது பழைய கணக்கு. மாதக்கணக்கில் படுக்கவைத்த காலத்தில் படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் ஆளைக் கொண்டுபோயின. இப்போது ஆபரேஷன் செய்வதே மறுநாளே எழுப்பி, வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கத்தான். பழைய நடை அப்படியே திரும்பும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் திரும்புவதில்லை. “இன்னைக்கு நாற்காலி வரைக்கும் போலாம்மா” என்று சொல்லுங்கள், போதும். தலைமாட்டில் நின்று செலவையும் ‘யார் பார்த்துக்கொள்வது’ என்பதையும் தயவுசெய்து பேசாதீர்கள். “விட்டுடுங்கப்பா” என்பது பெரும்பாலும் அந்தப் பேச்சைக் கேட்டு வருவது.

வீட்டில் இந்தியன் டாய்லெட் என்றால் இப்போதே கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். குத்தவைத்து உட்காரக் கூடாது. கைப்பிடிக் கம்பியும் பொருத்துங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிசியோ தருகிறார்கள், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் எலும்பு வலுவுக்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் முறிந்தவர்களுக்கு மறுபக்கமும் முறியும் ஆபத்து அதிகம்.