வெண்டைக்காயில் இருப்பது முடியா, சுணையா?

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கு விவரப் பலகை எழுதுகிறோம். வெண்டைக்கு ‘காயில் சுணை உண்டு’ என்று எழுதினேன். அது கொச்சை, ‘முடி’ என்று மாற்றுங்கள் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். எது சரி?"

மாற்றாதீர்கள். ‘சொணை’ என்று எழுதினால்தான் கொச்சை. ‘சுணை’ நல்ல எழுத்துத் தமிழ். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலேயே இருக்கிறது. ‘முடி’ என்று மாற்றினால் பாதிப் பொருள் போய்விடும். சுணை என்றால் குத்துகிற, அரிக்கிற முடி. உங்கள் ஊரில் பொங்கல் கரும்புக்குச் சோகை உரிப்பவர்களைப் பாருங்கள், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். அது சுணைக்குப் பயந்துதான். வைக்கோல் போரில் புரண்டுவிட்டு வரும் பிள்ளையிடம், "சொணை அரிக்கும், முதல்ல குளிச்சிட்டு வா" என்று வீட்டில் விரட்டுவதும் இதனால்தான்.

வெண்டை, பூசணி, பூனைக்காலி எல்லாவற்றுக்கும் சுணை பொருந்தும். கையை உறுத்தாத மெல்லிய முடிக்குப் பொருந்தாது. பாடநூல் நடையில் எழுத வேண்டுமானால் ‘தூவி’ இருக்கிறது. ‘வேர்த்தூவி’ பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். ஆனால் தோட்டத்துப் பலகையைப் படிக்கிற பிள்ளை அடுத்த நிமிடம் காயைத் தொடப்போகிறது. அங்கே சுணைதான் வேண்டும்.

ஆட்டுக்கு ரோமம், குழந்தையின் கன்னத்தில் பூனைமுடி. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம். ‘சுணையுள்ள ஆள்’ என்றால் உடம்பெல்லாம் முடி உள்ளவர் என்று அர்த்தமில்லை, மானம் உள்ளவர் என்று அர்த்தம். சுருக்கென்று தைப்பதை உணரத் தெரிந்தவர் என்ற எண்ணத்தில்தான் இந்த இரண்டு பொருளும் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு அழகான ஒட்டு! ‘சூடு சுரணை’யில் வரும் சுரணை வேறு சொல், அது வடமொழி வழி வந்தது.

அப்புறம், பலகை எழுதும் பெயிண்டரிடம் மூன்று சுழி ‘ண’ என்று அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு சுழி போட்டால் ‘சுனை’ ஆகி, அழகர்மலை நூபுரகங்கை மாதிரி மலை ஊற்றாகிவிடும். தோட்டத்தில் மாமரமும் இருந்தால், காயின் காம்பில் வடிந்து தோலைப் புண்ணாக்கும் பால் ‘சொனை’. அதற்கு இரண்டு சுழிதான்.