சோலாருக்கு முன்னால் ஒரு ராத்திரி மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அடுத்தடுத்த வளாகத்தில் இருக்கின்றன. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் கரண்ட் பில்லைக் குறைக்க முன்னாள் மாணவர்கள் மூன்று லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். பள்ளி மாடியில் சோலார் போடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: சோலார் நல்லதுதான். ஆனால் முதல் வேலையாக வேண்டாம், அதுவும் பள்ளி மாடியில் வேண்டாம். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். கோடையில் அது நன்றாக உழைக்கும்போது பள்ளி பூட்டிக் கிடக்கும். சனி, ஞாயிறும் அப்படியே. சுகாதார நிலையத்துக்கு விடுமுறை கிடையாது, பேனலுக்கு அங்கே தினமும் வேலை இருக்கும். இரண்டும் தனித்தனி மின் இணைப்பு என்பதால் பள்ளி மாடியில் கிடைக்கும் கரண்டை மதில் தாண்டி ஒயர் இழுத்துக் கொடுக்கவும் முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் ராத்திரி 9 மணிக்குத் தலைமையாசிரியரோடு பள்ளி மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். சிங்கிள் ஃபேஸ் மீட்டர் பலவற்றில் அது 3200. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை 60,000-ஆல் பெருக்கி, மீட்டரில் அச்சிட்டிருக்கும் துடிப்பு எண்ணால் (இங்கே 3200) வகுத்தால், அந்த நேரத்தில் ஓடும் வாட் கிடைத்துவிடும். 40 முறை மினுக்கினால் 750 வாட். யாருமே இல்லாத கட்டிடத்தில் 750 வாட் ஏன் ஓட வேண்டும்?

நான் பார்த்த ஒரு பள்ளியில் ராத்திரியில் மீட்டர் விளக்கு விடாமல் மினுக்கியது. மாடித் தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் தானாக ஓடும்படி மோட்டாரை வைத்திருந்தார்கள். கழிப்பறையில் ஒரு குழாயின் வாஷர் தேய்ந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொட்டி இறங்க இறங்க மோட்டார் ஓடியது. பத்து ரூபாய் வாஷரை மாற்றினார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் அறையின் யு.பி.எஸ்., தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் மினுக்கல் குறைந்தது. இந்த வேலைக்கு நன்கொடையே தேவையில்லை.

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த புது வகை) 30 வாட்தான். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வகுப்பறை ஃபேன் நாளுக்கு 7 மணி நேரம், வருடத்தில் சுமார் 215 நாள் ஓடுகிறது. அதை மாற்றினால் வருடத்துக்கு மிச்சமாவது 68 யூனிட். பிரசவ வார்டு ஃபேன் நாளுக்கு 20 மணி நேரம், 365 நாளும் ஓடும். அதை மாற்றினால் 328 யூனிட் மிச்சம். அதே விலைக்கு வாங்கிய அதே ஃபேன், ஐந்து மடங்கு பலன். முன்னாள் மாணவர்களுக்குத் தங்கள் பள்ளி மேல் பாசம் இருப்பது புரிகிறது. இருந்தாலும் முதல் ஃபேன்களை வார்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். விடியவிடிய எரியும் வராந்தா டியூப்லைட்டுக்கும் இதே கணக்குதான். பழைய காப்பர் சோக் வைத்த 40 வாட் டியூப் சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் எடுக்கும், எல்.இ.டி. 20 வாட்டில் முடித்துவிடும். ஃபேன் வாங்கும்போது, சுவரிலிருக்கும் பழைய ரெகுலேட்டரோடு ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். பல பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு அது ஆகாது, ரிமோட்தான். பொது இடத்தில் ரிமோட் ஒரு மாதம்கூடத் தங்காது.

சுகாதார நிலையத்தில் கை வைக்கக் கூடாத ஒன்று தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி. சிக்கனம் என்று சொல்லி மாலையில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் எங்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே எப்போதும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி சேமிப்புக்காக ஊர்க் குழந்தைகளின் தடுப்பூசியைப் பணயம் வைக்க முடியாது. அந்தப் பெட்டியிலும் நியாயமாகக் கரண்டைக் குறைக்க வழி இருக்கிறது. சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். உறைபனி 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால், தடுப்பூசிகளை வேறு குளிர்ப்பெட்டிக்குப் பத்திரமாக மாற்றிவிட்டுப் பனியை நீக்கச் சொல்லுங்கள். மூடியை அடிக்கடி திறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பள்ளிக்கு நான் சொல்வது மொட்டை மாடி. மேல்தள வகுப்பில் மதியம் 2 மணிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். கூரையிலிருந்து இறங்கும் அனல் தலையில் தெரியும். ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. மாடியைப் பெருக்கி, விரிசலையும் ஒழுக்கையும் அடைத்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் வெள்ளை பூசுங்கள். பசை கலந்த சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தோடு கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். குளிர்கூரைப் பெயின்ட் செலவு அதிகம், சில வருடம் நிற்கும். இதில் கரண்ட் பில் பெரிதாகக் குறையாது. ஆனாலும் செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மதியப் பாடத்தில் தூங்கி விழுவது சோம்பலால் மட்டும் அல்ல. இன்னொன்று, ஸ்மார்ட் வகுப்பில் திரை தெரியவில்லை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு லைட் போடுகிறார்கள். திரையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல் பக்கச்சுவருக்கு மாற்றினாலே போதும்.

ஆக, பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: வார்டு ஃபேன், இரவெல்லாம் எரியும் விளக்குகள், பள்ளி மாடி. மிச்சப் பணத்துக்கு எத்தனை கிலோவாட் வருமோ அத்தனைக்குச் சுகாதார நிலைய மாடியில் சோலார். தேவை குறைந்த பிறகு போடுவதால் சின்ன பேனலே போதும். அந்த இணைப்பில் சோலார் கரண்டுக்கு என்ன கணக்கு என்பதை ஈ.பி. அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். இரண்டு இடத்துக்கும் மின் அட்டையிலிருக்கும் கடைசி ஆறு ரீடிங்கையும், ராத்திரி எண்ணிய மினுக்கலையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை கிலோவாட் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.