வெங்காய வேரில் பித்தைக் காணோமே?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளரில் வைத்து, வேர் விட்டதும் வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாளாம். ஒருவிதையிலைத் தாவரத்தின் (விதைக்குள் ஒரே ஒரு விதையிலை உள்ளது) வேர் என்றால் நடுவில் பெரிய பித்தும் (pith, மென்மையான நடுத்திசு) ஆறுக்கு மேல் சைலமும் (நீர் கடத்தும் திசு) இருக்க வேண்டுமாமே? இவள் பார்த்ததில் பித்தே இல்லை, சைலமும் ஐந்தாறுதான். தப்பாக வெட்டிவிட்டாளா? தெரிந்தவர் ஒருவர், வெட்டித் தயாராக வைத்த ஸ்லைடுகள் கொண்ட பெட்டி வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: சரியாகத்தான் வெட்டியிருக்கிறாள். வெங்காயம் ஒருவிதையிலைத் தாவரம்தான், ஆனால் அதன் வேர் நூல் போல மெல்லியது. பித்துக்கு அங்கே இடமில்லை. அகலமான ஒரே ஒரு மெட்டாசைலக் குழாய் (பிந்தி முதிரும் சைலம்) நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அதைச் சுற்றி ஐந்தாறு சைலக் கைகள் நட்சத்திரம் மாதிரி நிற்கும். சட்டென்று பார்த்தால் இருவிதையிலைத் தாவரமான அவரையின் வேர் என்றே தோன்றும். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்: வெங்காயத்தின் நடுக்குழாய் தனியாக, வட்டமாக, மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். அவரை வேரின் குழாய்கள் பலகோணமாக இருக்கும். வயதாகும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அவரை வேரில் சைலத்துக்கும் புளோயத்துக்கும் (உணவு கடத்தும் திசு) இடையே கேம்பியம் என்ற வளர்திசு உண்டாகி வேர் பருக்கும், வெங்காயத்தில் அது நடக்காது.

பாடப்புத்தகங்கள் வரைவது பெரும்பாலும் மக்காச்சோள வேரை. 'ஆறுக்கு மேல்' என்பது அப்படிப்பட்ட தடித்த வேருக்குப் பொருந்தும் விதி. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், சொல்லமாட்டார்கள். பிள்ளை வெட்டியே பார்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கைதான்! ரெக்கார்டு நோட்டில் படம் நிழலோடு அழகாக இருந்தால் கையெழுத்து விழுந்துவிடும்.

ஸ்லைடு பெட்டி வேண்டாம். நான் ஒருமுறை வாங்கிய பெட்டியில் 'இருவிதையிலை வேர்' என்று லேபிள் ஒட்டியிருந்தது தண்டு! சைலமும் புளோயமும் ஒரே கற்றையில் சேர்ந்திருந்தன. வேரில் அவை தனித்தனி ஆரங்களில் மாறி மாறி நிற்கும், முதலில் உருவாகும் சைலமான புரோட்டோசைலம் வெளிப்பக்கம் இருக்கும். செய்முறைத் தேர்வில் அடையாளம் காணச் சொல்லி வைக்கும் ஸ்பாட்டரில் முதலில் இதைப் பார்த்து வேர் என்று உறுதி செய்த பிறகுதான் கைகளை எண்ண வேண்டும். 'காஸ்பேரியன் பட்டை இருந்தால் ஒருவிதையிலை' என்று ஒரு குறுக்குவழி சுற்றுகிறது, அதையும் நம்பவேண்டாம். 1865-இல் ராபர்ட் காஸ்பரி விவரித்த அந்தப் பட்டை (செல்சுவரில் நீர் புகாத வளையம்) இரு வகை வேரின் அகத்தோலிலும் உண்டு.

பெட்டிக்குப் பதில் ஒரு பிடி கொண்டைக்கடலையை ஈரத்துணியில் முளைகட்டுங்கள். வேர் நீண்டதும் நுனியிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டவேண்டும், நுனியில் திசுக்கள் இன்னும் முதிர்ந்திருக்காது. கேரட் துண்டைப் பிளந்து அதற்குள் வேரை வைத்து, புது பிளேடை ஈரப்படுத்தி, மெல்லிசாகச் சீவவேண்டும். ஒரு சொட்டு சாஃப்ரனின் என்ற சாயம் விட்டால் சைலம் சிவக்கும், பெரும்பாலும் நான்கு கைகள் தெரியும். ஜோடிக்கு மக்காச்சோளக் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கி, தண்டின் அடிக்கணுவில் விழுதுபோல் இறங்கும் தடித்த வேரை எடுங்கள். அவள் தேடிய பித் அதில் இருக்கும்.

தேர்வில் 'ஒருவிதையிலை வேர்' வரையச் சொன்னால் மக்காச்சோளத்தையே வரையட்டும். வெங்காயத்தை வரைந்தால், திருத்துகிறவர் படத்தைப் பார்த்ததுமே அடித்துவிடுவார்.