திருமணத்துக்குப் பின் ஜெர்மனிக்கு நான் போவதா, மதுரைக்கு அவர் வருவதா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் மதுரையில் ஆடிட்டராகத் தொழில் செய்கிறீர்கள். டார்ட்மண்ட் நகரில் மென்பொருள் துறையில் பணிபுரியும் ஜெர்மானியர் ஒருவருடன் உங்களுக்கு நிச்சயமாகியிருக்கிறது. அவருடைய சம்பளம் அதிகம் என்பதால் நீங்கள்தான் போக வேண்டும் என்று இரு வீட்டாரும் பேசி முடித்துவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

இதே கேள்வி 2016-இல் எங்கள் முன் நின்றது. நான் கோவைக்காரன், என் மனைவி ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக் நகரைச் சேர்ந்தவர். எங்களில் நாடு மாறியவன் நான். ஆண் என்பதால் அதற்காக நிறையப் பேச்சும் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருக்குச் சம்பளம் அதிகம் என்று பார்க்காதீர்கள். இருவரில் எவர் நாடு மாறினால், அங்கே துணைவரின் தயவை எதிர்பாராமல் விரைவில் சொந்தக் காலில் நிற்க முடியும், நிலைமை கெட்டால் பேரிழப்பின்றி ஊர் திரும்ப முடியும் என்று பாருங்கள். அவர்தான் போக வேண்டியவர்.

நாங்கள் முதலில் எடுத்த முடிவு இதற்கு நேர்மாறானது. நான் வேலை பார்த்த நூற்பாலை என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு என் மனைவியின் ஊருக்கு அனுப்பியபோதுதான் நாங்கள் பழகினோம். அவருக்குக் கோவை பிடித்திருந்தது, என் அம்மாவையும் பிடித்திருந்தது. "நான் வந்துவிடுகிறேன்" என்று அவரே சொன்னார். மருமகள் வீட்டுக்கு வருவதுதானே முறை என்று எங்கள் பக்கத்திலும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நல்லவேளையாக, திருமணத்துக்கு முன் ஐந்து மாதம் விடுப்பு எடுத்து வந்து இருந்து பார்ப்பது என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

அவர் ஒரு மகப்பேற்றுச் செவிலி. ஜெர்மனியில் அது மதிப்புள்ள தனித்தொழில். எந்தப் பிரசவத்திலும் அத்தகைய ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தமிழ்நாட்டில் பிரசவம் என்பது டாக்டரம்மாவும் நர்சுகளும் பார்க்கும் வேலை. மகப்பேற்றுச் செவிலியரைத் தனித்தொழிலாக வளர்க்க ஒன்றிய அரசு 2018-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது என்றாலும், நாங்கள் விசாரித்த 2016-இல் அவரை எந்தப் பதவியில் வைப்பது என்று ஒரு மருத்துவமனைக்கும் விளங்கவில்லை. மொழியும் தடையாக இருந்தது. வலியில் துடிக்கும் பெண்ணிடம் எப்போது மூச்சை அடக்கு, எப்போது முக்கு என்று அவளுடைய பேச்சிலேயே சொல்லத் தெரியாதவர் அந்த அறைக்குள் இருந்து என்ன பயன் என்று அவர்தான் கேட்டார். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அவர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செல்லமான விருந்தாளியாகவும், தன் கண்ணுக்குத் தானே வேலையில்லாதவராகவும் ஆகியிருந்தார்.

என் தொழில் வேறு மாதிரி. நான் மில்லில் மின்பராமரிப்புப் பொறியாளர். கோவை மில்களில் ஓடும், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரங்களிலும் நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர்களிலும் பெரும்பங்கு ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தவை. மனைவியின் ஊர் இருக்கும் கீழ் ரைன் வட்டாரமே ஒரு காலத்தில் நெசவாலைகளுக்குப் பெயர்போனது. கோவையில் நான் கழற்றி மாட்டிய மின்சுற்றுப் பலகைகளின் பிறந்த ஊர் அது. ஒரு மோட்டார் ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிக்க இலக்கண சுத்தமான ஜெர்மன் தேவையில்லை. இப்படிப் பார்த்தபோது, சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே யாருடைய தொழில் எல்லை தாண்டும் என்பது தெளிவாகிவிட்டது. தாண்டியது என்றால் உடனே தாண்டிவிடவில்லை. போய்ச் சேர்ந்தபின் 11 மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். பட்டத்தை மதிப்பிட்டுச் சான்று வாங்குவதிலும் மொழி வகுப்பிலும் அந்தக் காலம் கழிந்தது. வேலையில்லாத அல்லது வருமானம் மிகக் குறைந்த துணைவரைப் பொது மருத்துவக் காப்பீட்டில் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அங்கே இருந்ததால் அந்த நாட்களில் தாக்குப்பிடித்தோம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மன் குடிமகனின் மனைவியாக நீங்கள் அங்கே போனால், முதல் நாளிலிருந்தே வேலை செய்ய உரிமை உண்டு. ஆனால் தங்கும் உரிமை முதலில் அந்தத் திருமணத்தைச் சார்ந்தே இருக்கும். அங்கே 3 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தபிறகுதான், பிரிந்தாலும் தனித்துத் தங்கும் உரிமை இயல்பாகக் கிடைக்கிறது. அதற்கு முன்னால் பிரிந்தால், வீட்டு வன்முறை போன்ற கடுமையான சூழ்நிலைகளுக்கு விதிவிலக்கு உண்டே தவிர, பொதுவாக நாடு திரும்ப வேண்டியதுதான். நிச்சயமான பெண்ணிடம் பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று என் அம்மா சொல்வார். ஆனாலும் அந்த 3 ஆண்டுகளில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்பதை இப்போதே எண்ணிப் பாருங்கள். விசாவுக்கு முன்பே தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். போனபின் 600 மணி நேர மொழி வகுப்பும் 100 மணி நேர நாட்டறிவு வகுப்பும் கொண்ட பயிற்சி ஒன்று இருக்கிறது. அந்த வகுப்பை எரிச்சலோடு தொடங்கி நன்றியோடு முடித்தேன்.

உங்கள் வருங்காலக் கணவர் இந்தியா வந்தால் நிலைமை வேறு. துணைவருக்கான நுழைவு விசாவில் வந்து தங்கலாம்; ஆனால் அந்த விசா தானாக வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை என்று நாம் சொல்லும் ஓ.சி.ஐ. அட்டைக்கு, திருமணத்தைப் பதிவு செய்து 2 ஆண்டுகள் அது தொடர்ந்தபின்தான் விண்ணப்பிக்க முடியும். மணமுறிவு ஏற்பட்டால், திருமணத்தின் வழியாகக் கிடைத்த அந்த அட்டையை ரத்து செய்யச் சட்டத்தில் இடமுண்டு. ஆக, எந்தத் திசையில் போனாலும் முதல் சில ஆண்டுகள் போனவர் மற்றவரின் கையில்தான் இருப்பார். அந்தச் சார்பை இருவரில் எவரால் எளிதாகத் தாங்க முடியும் என்பதுதான் நீங்கள் பேசித் தீர்க்க வேண்டியது.

எங்கள் விஷயத்தில், கோவையில் எனக்குச் சொந்த வீடு இருந்தது, தங்கை இருந்தாள், எந்த மில்லிலும் திரும்பவும் வேலைக்குச் சேர முடியும் என்ற நம்பிக்கை இருந்தது. என் மனைவி ஐந்தாறு ஆண்டு தொழிலை விட்டுவிட்டுத் திரும்பினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஏற வேண்டும். எனக்குத் திரும்பும் வழி அகலமாக இருந்தது, அவருக்கு இல்லை. அதனால் நான் போனேன்.

இந்தக் கணக்கு அத்தனையும் சரி. ஆனாலும் ஒன்றை அது தொடவே இல்லை. என் அம்மா.

அப்பா இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மன் குடிமக்களின் இந்தியத் துணைவர்கள் தம் பெற்றோரை அங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்வது அநேகமாக நடக்காத காரியம். மிகக் கடுமையான, வேறு வழியற்ற சூழ்நிலைகளில் மட்டுமே அனுமதி. உறவினர் விசாவில் மூன்று மாதம் வந்து போகலாம், அவ்வளவுதான். அம்மா ஒருமுறை கோடையில் வந்தார். இரவு பத்து மணி நெருங்கியும் வெளிச்சம் போகாத வானத்தைப் பார்த்து, "இங்கே விளக்கு வைப்பது எப்போது?" என்று கேட்டார். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு அழைத்துப்போனபோது மட்டும் முகம் மலர்ந்தது. அங்கே யாழ்ப்பாணத்து அம்மாக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, போர் மூண்ட காலத்தில் தாங்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னார்கள். திரும்பும் வழியில், "அவர்களுக்கு வேறு வழியில்லை, வந்தார்கள். உனக்கு வழி இருந்ததே" என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செய்தி கிடைத்து, பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து கோவை மருத்துவமனைக்குப் போய்ச் சேர 26 மணி நேரம் ஆனது. அதற்குள் அறுவை சிகிச்சையே முடிந்திருந்தது. கையெழுத்துப் போட்டது, ரத்தத்துக்கு ஆள் பிடித்தது, இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தது எல்லாம் என் தங்கை. நான் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். அவள் ஏழு மாதம் அம்மாவைக் கவனித்தாள். பணம் அனுப்புகிறேன், தாதியர் வைத்திருக்கிறேன். ஆனால் நான் நாடு மாறுவது என்று நாங்கள் இருவரும் எடுத்த முடிவின் பெரும்பாரத்தைச் சுமப்பவள், அந்தப் பேச்சில் ஒருமுறைகூடக் கலந்துகொள்ளாத மூன்றாவது ஆள். முடிவெடுக்கும் முன் அவளை உட்காரவைத்து, "இதற்கெல்லாம் நீதான் ஓட வேண்டியிருக்கும், சம்மதமா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்களுக்கு உடன்பிறந்தோர் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். ஒற்றைப் பிள்ளை என்றால் அதையே முதல் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வருங்காலக் கணவரின் பெற்றோரைப் பற்றியும் இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். அங்கே முதியோரைக் கவனிக்கக் காப்பீடும் இல்லங்களும் இருப்பதால் அவர்களுக்குப் பிள்ளை தேவையில்லை என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என் மாமனாரின் கடைசி மாதங்களில் உடனிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது உண்மையில்லை.

குடியுரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி தன் குடியுரிமை பெறுவோரைப் பழைய குடியுரிமையைக் கைவிடும்படி கேட்பதில்லை. ஆனால் இந்தியச் சட்டப்படி, விரும்பி வேறு குடியுரிமை பெற்ற அக்கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக மட்டுமே பெறலாம். பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஊர் திரும்பியபின் ஒட்டிய நிலத்தை என்றாவது விலைக்கு வாங்கலாம் என்ற ஆசையில் நான் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டோடுதான் இருக்கிறேன். மனைவிக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

ஆவணங்களில் எங்களை அலைக்கழித்தது என் இனிஷியல். ஒற்றை எழுத்து எப்படிக் குடும்பப்பெயராகும் என்று அங்கே கேட்டார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. ஆவணங்களை வெளிநாடுகளில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை இந்திய ஆவணங்களுக்கு இருந்தாலும் ஜெர்மனி அதை ஏற்பதில்லை. தூதரகம் ஆள் வைத்து விசாரித்துச் சரிபார்க்கும் முறைதான். நாங்கள் கோவையிலேயே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ், 30 நாள் அறிவிப்புக்குப் பின் பதிவு செய்துகொண்டோம். அங்கே போய் மணம் செய்வதானால், மணம் செய்யத் தடையில்லை என்று காட்டும், இந்தியா வழங்காத ஒரு தகுதிச் சான்றுக்கு அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் விலக்குப் பெற வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் பெயர்களை இன்றே ஒன்றாக்கத் தொடங்கிவிடுங்கள்.

இப்போது உங்கள் நிலைமை. நம் வருமான வரிச் சட்டமும் ஜி.எஸ்.டி.யும் உங்கள் தொழிலின் உயிர். அவை எல்லை தாண்டாது. ஜெர்மனியில் வரி ஆலோசகர் என்ற பட்டம் தனித் தேர்வு எழுதி வாங்க வேண்டியது, அதுவும் ஜெர்மன் மொழியில். பெருநிறுவனங்களின் கணக்குத் துறையில் ஆங்கிலத்தைக் கொண்டே நுழையலாம் என்றாலும், மதுரையில் உங்கள் பெயரை நம்பி வரும் வாடிக்கையாளர்களை அங்கே உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். இங்கே விட்டுப் போனவர்களும் காத்திருக்க மாட்டார்கள். அவருடைய தொழிலோ மடிக்கணினியோடு நகர்வது. நான்கு ஆண்டு கழித்துத் திரும்பினாலும் டார்ட்மண்டில் அவருக்கு வேலை கிடைக்கும். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், முதலில் வர வேண்டியவர் அவர் என்றே எனக்குப் படுகிறது. யூரோவை ரூபாயில் பெருக்கிக் காட்டும் மாமாக்களிடம், மதுரையில் வாடகை யூரோவில் இல்லை என்று சொல்லுங்கள்.

அதற்கு முன் அவர் தன் நிறுவனத்திடம் ஒன்றை எழுத்தில் வாங்க வேண்டும்: இந்தியாவில் இருந்தபடி வேலை செய்ய அவர்கள் சம்மதிக்கிறார்களா என்பது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே தங்கினால் அவர் இந்திய வரிக்கு உட்படுவார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த விசாவில் அந்த வேலையைச் செய்யலாம் என்பதையும் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வரவேண்டாம்.

ஒப்பந்தம் போல ஒன்றை நாங்கள் எழுதி வைத்திருந்தோம்: நான் போய் ஐந்து ஆண்டு முடிந்ததும் மறுபடி இதே கேள்வியைப் புதிதாகக் கேட்பது, அப்போது மாறச் சொல்லும் உரிமை போனவருக்கே முதலில் என்று. 2023-இல் அந்த நாள் வந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் இன்னும் ஐந்து ஆண்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். நடுவில் ஆண்டுக்கு இரண்டு மாதம், சம்பளமில்லா விடுப்பில், அம்மாவோடு. தங்கைக்கு அந்த இரண்டு மாதமும் முழு விடுமுறை.