புரட்டிப் பார்க்க

கேள்வி: அரசியல், கல்வி, பண்பாடு பற்றி ஓய்வு நேரத்தில் சும்மா புரட்டிப் பார்க்கச் சுவையான நூல்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன்?

பதில்: 'புரட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்தச் சொல்லை நான் விட மாட்டேன். பக்கத்தைப் புரட்டுகிறோம், கோடை உழவில் மண்ணையும் புரட்டுகிறோம். அடிமண் மேலே வரவேண்டும் என்றுதான் உழவர் புரட்டுகிறார். நூலையும் அப்படிப் புரட்டுவதானால், பிறர் செய்த சுருக்கங்களை ஒதுக்கிவிட்டு, அந்தந்தக் காலத்தவரே எழுதியும் பேசியும் வைத்துப்போனவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசியலுக்கு, அரசியல் நிர்ணய சபை விவாதங்கள். 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை ஆட்சிமொழி பற்றி நடந்த பேச்சுகளிலிருந்து தொடங்குங்கள். எண்களை இந்திக்குரிய நாகரி எழுத்து வடிவில் எழுதுவதா, உலகெங்கும் வழங்கும் வடிவில் எழுதுவதா என்பதற்கே சபை கொதித்தது. தென்னாட்டு உறுப்பினர்கள் அன்று எழுப்பிய ஐயங்களைப் படித்தவருக்கு, 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டம் திடீரென்று வெடித்ததாகத் தோன்றாது.

பண்பாட்டுக்கு, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்த அவர், 1736 முதல் 1761 வரை எழுதிவந்தார். கப்பல் வந்த செய்தி, பீரங்கி மரியாதை, சரக்குக் கணக்கு, சாதிப் பூசல், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது என எல்லாம், மறுநாள் என்ன நடக்கும் என்று அறியாத ஒருவரின் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. வரலாற்று ஆசிரியர் எவருக்கும் வாய்க்காத நிலை அது.

கல்விக்கு, உ. வே. சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கிய தன் வரலாறு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்லச்சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிய காட்சிகளுக்காக அதைப் படிக்கலாம். 1880இல் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்புக்காகக் கட்டாயம் படிக்க வேண்டும். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணங்களையெல்லாம் அடுக்கிய இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியரான ஐயரிடம், முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. கற்றவர் ஒருவர் தாம் கல்லாததை ஒப்புக்கொண்டு மறுபடி தொடங்கிய அந்தக் கதையை ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் நான் கொடுப்பேன்.

இங்கே என் பழைய வழக்கு ஒன்றை மீண்டும் எடுக்கிறேன். ஐயரவர்கள் அச்செழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்த காலத்தில் தம் பதிப்புகளின் இறுதியில், அருஞ்சொற்களுக்குப் பொருள் தரும் அரும்பத அகராதி சேர்த்தார். கணிப்பொறியில் கோக்கும் இன்று நானூறு பக்க வரலாற்று நூல், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் ஒரு பெயர் அகராதிகூட இல்லாமல் வெளிவருகிறது. கேட்டால், பதினாறு பக்கம் கூடும், விலை ஏறும் என்று பதிப்பாளர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அந்தப் பதினாறு பக்கம் இல்லாததால், படித்த செய்தி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று வாசகர் நாள் முழுவதும் தேடுகிறார். ஆராய்ச்சி மாணவர் தேடாமலே மேற்கோளை வேறொருவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

ஆகவே, இந்நூல்களை எடுக்கும்போது ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி இல்லாத பிரதியாக இருந்தால், பின்னட்டையின் உட்பக்கத்தில் பெயரையும் பக்க எண்ணையும் நீங்களே எழுதிவாருங்கள். நூலகத்துப் பிரதியானால் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.