பட்டனை அமுக்கியது யார்?

கேள்வி: கோல்டி என்ற டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்ஸும் கனத்த பேஸும் கொண்ட மின்னணு நடன இசை) டி.ஜே.வுக்கு பிரிட்டனில் எம்.பி.இ. என்ற அரச பட்டம் கொடுத்திருக்கிறார்களாமே? எவரோ வாசித்த டிரம்ஸை வெட்டி ஒட்டி, வேகமாக ஓடவிட்டு, பட்டன் அமுக்குகிறவரெல்லாம் இசைக்கலைஞரா? இது திருட்டு இல்லையா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். கோல்டி பட்டனைக்கூட அவ்வளவாக அமுக்கியதில்லை. 1995-இல் வந்த அவருடைய 'டைம்லெஸ்' ஆல்பத்தில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர் ராப் ப்ளேஃபோர்ட். என்ன சத்தம் வேண்டும் என்று தெரிந்தவர் கோல்டி. இயந்திரம் இருந்தால் போதுமென்றால், அந்தக் காலத்தில் லண்டனில் சாம்ப்ளர் (ஒலித்துண்டைப் பதிந்து, வெட்டி, மறுபடி ஒலிக்கவைக்கும் இயந்திரம்) வைத்திருந்த அத்தனை பேரும் 'டைம்லெஸ்' செய்திருக்க வேண்டுமே, ஏன் செய்யவில்லை?

டிரம்ஸ் பதிவை வேகமாக ஓட்டினால் சுருதியும் கூடவே ஏறி, கார்ட்டூன் எலியின் குரல் மாதிரி கீச்சிடும். 1992-இல் கோல்டி வெளியிட்ட 'டெர்மினேட்டர்' கேட்டுப் பாருங்கள். டிரம்ஸின் சுருதி ஏறிக்கொண்டே போகும், வேகம் இம்மியும் மாறாது. அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். 

கோல்டி இசைப்பள்ளியில் படித்து வந்தவரும் இல்லை. 1965-இல் இங்கிலாந்தின் வால்சாலில் பிறந்து, வளர்ப்புக் குடும்பங்களிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் வளர்ந்தவர். சுவரில் கிராஃபிட்டி வரைந்தார், அமெரிக்காவில் தங்கப்பல் செய்து விற்றார். லண்டன் திரும்பியதும் கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண் டி.ஜே.க்கள் அவரை 'ஹெவன்' கிளப்பின் 'ரேஜ்' இரவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஃபேபியோ, க்ரூவ்ரைடர் என்ற டி.ஜே.க்கள் வாசித்ததைக் கேட்டதோடு சரி, மனுஷன் வேறு பக்கம் திரும்பவில்லை. 1994-இல் கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் மூவரும் சேர்ந்து 'மெட்டல்ஹெட்ஸ்' என்ற இசை வெளியீட்டு லேபிளைத் தொடங்கினார்கள்.

அப்புறம், லண்டன் ஹாக்ஸ்டனில் 'ப்ளூ நோட்' கிளப்பின் ஞாயிறு இரவுகள். புதிதாகச் செய்த பாட்டை அசிட்டேட் தட்டில் வெட்டி, வெளியீட்டுக்கு முன்பே கிளப்பில் போடுவார்கள். டப்பிளேட் என்று பெயர். ஓட்ட ஓட்டத் தேய்ந்து போகும் தட்டு, வெட்டக் காசும் அதிகம். கூட்டம் ஆடாமல் நின்றால் பாட்டு மறுபடி ஸ்டூடியோவுக்குப் போகும். டி.ஜே. வேலை என்பது இந்தப் பரீட்சையும் சேர்ந்ததுதான். 2016-இல் வந்த பட்டம் இசைக்கும் இளைஞர்களுக்கும் செய்த பணிக்காக. அதில் எனக்குப் புகார் இல்லை.

இனி, திருட்டு. இதில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். இந்த இசைவகையே பெரிதும் சாய்ந்து நிற்பது 1969-இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் 'ஆமென், பிரதர்' பதிவில் வரும் ஏழு விநாடி டிரம்ஸ் மீது. வாசித்தவர் கிரெகரி கோல்மன். மூன்றாவது சுற்றின் கடைசி ஸ்னேர் அடி, நாம் எதிர்பார்க்கும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி விழும். அந்தத் தள்ளலைத்தான் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் துண்டு போட்டு, மாற்றி அடுக்கி, நிமிடத்துக்கு 170 அடி வேகத்தில் ஓட்டினார்கள். அடுக்கியதில் கலை உண்டு. கோல்மனுக்குப் போன பங்கு எவ்வளவு? ஒரு பைசா இல்லை. 2006-இல் அட்லாண்டாவில் வீடில்லாதவராகச் செத்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு விஷயம் தெரிந்தபோது வழக்குப் போடும் கெடு முடிந்திருந்தது. 2015-இல் இரண்டு டி.ஜே.க்கள் இணையத்தில் உண்டியல் வைத்து 24,000 பவுண்ட் திரட்டி ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். அதை நல்ல மனசு என்று சொல்லலாம், ராயல்டி என்று சொல்ல முடியாது. லாபம் பார்த்த கம்பெனிகளைக் கேளுங்கள் இந்தக் கேள்வியை.

'டைம்லெஸ்' தலைப்புப் பாட்டு 21 நிமிடம். பாடகி டயான் சார்லமேன் குரல் வரும்வரை பொறுத்துக் கேட்டுவிட்டுத் திட்டி எழுதுங்கள், அப்படியே போடுகிறேன். 1998-இல் இதே கோல்டி 'மதர்' என்று ஒரு மணி நேரத்துக்கு ஒன்று செய்தார். அதைத் திட்டுவதாக இருந்தால் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.